காம்ப்ஸில் (பிஎச்.டி. தகுதித் தேர்வு) கல்லறைக் கேள்வி வந்தால் தயங்காமல் எடுங்கள்

ஒருவழியாக ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். காலனியக் கால அமெரிக்காவில் ஆப்பிரிக்கர்களின் அடக்க முறைகள் பற்றிய கேள்வியைத் தொடலாமா என்று ஜூனியர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தொடுங்கள். ஆனால் சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் அந்த நோட்ஸை மட்டும் நம்பாதீர்கள். கிளிஞ்சல், உடைந்த பானை, பாசிமணி, எல்லாம் காங்கோவிலிருந்து வந்தது என்று இரண்டு பக்கத்தில் கதையை முடித்திருப்பார்கள். அதை அப்படியே எழுதிய ஒருவருக்கு என்ன மதிப்பெண் வந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு முறைதான். ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது முதலில் அதற்கான மிகச் சாதாரணமான விளக்கத்தை எழுதுங்கள். அப்புறம் ஆப்பிரிக்க விளக்கம். அப்புறம் இரண்டில் எது நிற்கிறது, ஏன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நியூயார்க்கின் ஆப்பிரிக்கர் மயானத்தில் 101ஆம் கல்லறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் அரசுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்ட அந்த மயானம், 419 பேரின் எச்சங்கள், ஹோவர்டு பல்கலைக்கழக ஆய்வு, 2003 மறு அடக்கம், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் அடித்திருந்த இதய வடிவத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் ஆக்கான் மக்களுடைய 'சங்கோஃபா' (திரும்பிப் போய் எடுத்து வா) சின்னம் என்றார்கள், நினைவிடத்திலும் அதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அதே காலத்து ஆங்கிலேயச் சவப்பெட்டிகளிலும் ஆணியால் இதயம் அடிக்கும் வழக்கம் இருந்தது. இப்படிப்பட்ட சின்னங்களை அச்சிடும் ஆக்கான் துணிக்கு அடிங்க்ரா என்று பெயர்; நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அடிங்க்ரா துணியோ 1817இல் வாங்கப்பட்டது, இந்த மயானம் மூடப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் கழித்து. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து, சங்கோஃபா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இன்று அந்தச் சமூகம் அதை அப்படி வாசிப்பதே தனி வரலாறு என்று எழுதினேன். கட்டுரையில் எனக்கே பிடித்த பத்தி அதுதான்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் வாய்மொழித் தேர்வில் ஒரு ஆபத்து இருக்கிறது. "அப்படியென்றால் எதுவுமே ஆப்பிரிக்கம் இல்லை என்கிறீர்களா?" என்று ஒரு பேராசிரியர் கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், கையில் பதில் இருக்கட்டும். நான் இரண்டு பேரைச் சொன்னேன். ஒருவர் அதே நியூயார்க் மயானத்தின் 340ஆம் கல்லறைப் பெண். அராவி வடிவமைத்த பற்கள், இடுப்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள். அவற்றில் பெரும்பாலானவை வணிகத்தில் புழங்கிய கண்ணாடி மணிகளே என்றாலும், இடுப்பில் கட்டிப் புதைக்கும் பழக்கத்துக்கு ஆங்கிலேய விளக்கம் கிடையாது. இன்னொருவர் பார்படோஸ் நியூட்டன் தோட்டத்தில் புதைக்கப்பட்ட ஆண். சோழி, நாய்ப்பற்கள், மீன் முள்ளெலும்பு, கண்ணாடி மணி எல்லாம் கோத்த மாலை, கூடவே மேற்கு ஆப்பிரிக்க வகைப் புகைக்குழாய். அந்த மாலையில் ஒரு பெரிய சூதுபவள மணியும் உண்டு, அது நம்ம குஜராத்தின் கம்பாட் பக்கம் செய்ததாகக் கருதப்படுகிறது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பார்படோஸ் எப்படி அமெரிக்கா ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். கரோலினாவில் குடியேறிய முதல் தோட்டக்காரர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள், அது போதும்.

மற்றவை, சுருக்கமாக:

- தலை மேற்கே வைத்துப் புதைத்தால் கிறிஸ்தவர் என்று எழுதாதீர்கள். ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் அந்த வழக்கம் உண்டு.
- சட்டங்களைத் தலைகீழாகப் படியுங்கள். நியூயார்க்கில் அடிமைகளின் அடக்கத்துக்கு 1722இல் பகலில்தான் புதைக்க வேண்டும், 1731இல் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம். ஊரே திரண்டு ராத்திரியில் புதைத்துக்கொண்டிருந்ததால்தான் தடை.
- நியூயார்க்கின் டிரினிட்டி தேவாலயம் 1697இல் தன் மயானத்தில் ஆப்பிரிக்கர்களுக்கு இடம் மறுத்தது. வருடம் முக்கியம்.
- கிளிஞ்சலும் உடைந்த பாத்திரமும் வைத்த கரோலினா, ஜார்ஜியா கல்லறைப் படங்கள் பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காலனியக் காலம் என்று போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.
- நியூயார்க்கில் கல்லறை அடையாளமே இல்லை என்பது தவறு. 25 அடி வரை கொட்டிய மண்ணுக்கு அடியில் சில கற்கள் இருந்த இடத்திலேயே கிடைத்தன.
- மாசசூசெட்ஸின் கான்கார்டில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் ஜாக்கின் (இறப்பு 1773) கல்லறை வாசகத்தை எழுதியவர் ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர், அரச விசுவாசி. சுதந்திரம் பேசிய பக்கத்து வீட்டுக்காரர்களைக் குத்தத்தான் எழுதினார். அதை ஆப்பிரிக்கக் குரலாக மேற்கோள் காட்டாதீர்கள்.

அந்தக் குரல் வேண்டுமென்றால் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டுக்குப் போங்கள். 1768இல் இறந்த கஃபி கிப்ஸுக்கு அவருடைய சகோதரர் பாம்பே ஸ்டீவன்ஸ் கல் வெட்டினார். ஸ்டீவன்ஸ் கல்தச்சுப் பட்டறையில் அடிமையாக வேலை பார்த்தவர். பார்வைக்கு அது சாதாரண நியூ இங்கிலாந்துக் கல்தான், ஆனால் இதை வெட்டியது நான், இறந்தது என் சகோதரன் என்று கல்லிலேயே பெயர் போட்டிருக்கிறார். எசமானர்கள் வேறு வேறு என்பதால் உடன்பிறந்தவர்களுக்கு வேறு வேறு குடும்பப் பெயர். என் முறைப்படி பார்த்தால் வடிவம் முழுக்க ஆங்கிலேயம், பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, அதனால் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். கல்லறைக்கு ஒரு அட்டை போட்டு, முன்பக்கம் சாதாரண விளக்கம், பின்பக்கம் மற்றது என்று கையால் எழுதி வைத்திருந்தேன். யாருக்காவது வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கையெழுத்துக்கு நான் பொறுப்பில்லை.