செந்தூரா மரத்தடியில் வந்த காளான்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் செந்தூரா மாமரம் மாமனார் கையால் வைத்தது. இத்தனை வருடமும் அதை அண்ணாந்துதான் பார்த்தேன், அடிமரத்தைக் குனிந்து பார்த்ததில்லை.

பட்டையில் சாம்பல் பச்சையாகப் படிந்திருந்ததைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அது கல்பாசி வகை, மரத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது. இலையில் கரி பூசியதுபோல வந்தது தத்துப்பூச்சியின் கழிவில் வளரும் கரும்பூசணம். 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, 20 லிட்டராக்கித் தெளித்தோம். காய்ந்ததும் அப்பளம்போல உரிந்து, கரியும் கூடவே உதிர்ந்தது.

ஆவணி மழைக்குப் பிறகுதான் அதைப் பார்த்தேன். அடிமரத்தில் பாதித் தட்டு ஒட்டி வைத்ததுபோல ஒரு காளான். மேலே வார்னிஷ் அடித்த அரக்குச் சிவப்பு, ஓரம் வெண்ணெய் நிறம். கீழே கிடந்த சருகெல்லாம் காப்பிப்பொடி தூவியதுபோல அதன் வித்துத்தூள்.

"காளான்தானே கண்ணு, ஒடைச்சிப் போடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஒடைத்தேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி வந்தது. வெளியே தெரிவது காய் மாதிரிதான், உடம்பெல்லாம் மரத்துக்குள் இழையாக ஓடுகிறது. பெயர் கேனோடெர்மா, மரத்தை உள்ளிருந்தே அழுகவைக்கும் பூசணம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைத் தென்னைகளைச் சாய்த்த 'தஞ்சாவூர் வாடல்' இதே இனத்தின் வேலை.

மரம் ஏறுகிறவர் கொடுவாள் பிடியால் சுற்றித் தட்டினார். சுவர்ப் பக்கம் மட்டும் காலிப் பானைச் சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ஊறின பன்னில் இறங்குவதுபோல இறங்கியது. "இந்தப் பக்கந்தானேம்மா காம்பவுண்டுக்குக் கடைக்கால் தோண்டுனீங்க?" என்றார். ஆமாம். தொடை கனத்து வேரை வெட்டி, வெட்டுவாயை அப்படியே மண்போட்டு மூடியவர்கள் நாங்கள்தான். எனக்குப் பேச்சே வரவில்லை.

அந்த வெட்டு வழியாக உள்ளே புகுந்த பூசணத்தை எந்த மருந்தும் வெளியேற்றாது. பாரத்தைக் குறைக்கலாம் என்று வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையை இறக்கி, வெட்டிய இடத்தில் பூசணம் புகாமல் தடுக்கும் போர்டோ பசை பூசினோம். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் அரையரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை முக்கியதும் செம்பு நிறம் படிந்தது. சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் சேர்த்து மறுபடி முக்கினேன், கத்தி வெறுமையாக வந்தது.

பத்தடி தள்ளி இருக்கும் இரண்டு தென்னைக்கும் தலா 5 கிலோ வேப்பம் புண்ணாக்கில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து போட்டிருக்கிறேன். காளான் தலைகாட்டினால் தூள் பறக்கும் முன்பே பிடுங்கி எரிக்கிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் கயிறு கட்டியாயிற்று.

மாதம் ஒருமுறை தட்டிப் பார்க்கிறோம். பானைச் சத்தம் மறுபக்கமும் கேட்டால் மரத்தை இறக்கிவிடுவது என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே சந்தூரிலிருந்து ஒட்டுக் கட்டுகிறவரை வரச்சொல்லி, நல்ல கிளையிலிருந்து குச்சி எடுத்து நாலு கன்றில் கட்டினோம். இரண்டு துளிர்த்திருக்கிறது. திண்ணை நிழலில் வைத்திருக்கிறேன்.