ஃபென்வே பார்க்கில் ஒரு பவர்பாயின்ட்

"அடுத்த வியாழன் மீட்டிங் ஃபென்வே பார்க்கில்" என்று மேனேஜர் சொன்னார். பாஸ்டனுக்கு வந்து எட்டு மாதம், அந்த பேஸ்பால் மைதானத்தின் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் போனை மூடி வைத்துக்கொண்டிருந்தவன் நான். கம்பெனி செலவில் ஆட்டம் என்று குஷியாகி, அங்கே ஆடும் ரெட் சாக்ஸ் அணியின் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் லேப்டாப்போடு வந்திருந்தார்கள்.

ஆட்டம் இல்லை. அணி வெளியூர் போயிருந்தது. ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்கள்தான், மிச்ச நாளில் இப்படி வாடகைக்கு விடுகிறார்கள். முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபத்தில் தள்ளுபடிச் சேலை விற்பார்களே, அந்தக் கணக்கு.

ஸ்லைடு காட்டியவர் பாவம், கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் 1912இல் திறந்த மைதானம், 37 அடி உயரப் பச்சைச் சுவர், புல்வெட்டும் வண்டியில் ஒரு மனிதர். அவர் போனால் முப்பது தலைகளும் போயின, திரும்பினால் திரும்பின. அடுத்த காலாண்டின் இலக்கு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. புல்லில் எத்தனை பட்டை விழுந்தது என்று கேளுங்கள், பதினான்கு.

கடலையும் பாப்கார்னும் கொறித்த பிறகு சுற்றிக் காட்டினார்கள். வலதுபக்கப் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று சிவப்பு. 1946இல் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் ஓட்டை போட்டுவிட்டதாம். 502 அடி, அதாவது 153 மீட்டர்! சர்வதேச கிரிக்கெட்டில் எல்லைக்கோடு ஆடுகளத்தின் நடுவிலிருந்து 90 கெஜத்தை, அதாவது 82 மீட்டரைத் தாண்டக் கூடாது. கையிலிருந்த என் தொப்பியைச் சும்மா ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கீழே இறக்கினார்கள். சுவரை ஒட்டிச் செம்மண் பாதை ஒன்று ஓடுகிறது. அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடுகிற ஆட்டக்காரருக்குக் காலடியில் புல் போய் மண் பட்டால், சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம். "மண்ணில் நடக்கலாம், புல்லில் கால் வைக்கக் கூடாது" என்றார் வழிகாட்டி அம்மா.

எனக்குச் சின்ன வயதுப் பழக்கம், மைதானத்தில் இறங்கினால் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கை தானாகப் போய்விட்டது. நிமிர்ந்தால் மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். "இது இந்த மைதானத்து வழக்கமா?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னை. வழிகாட்டி அம்மாவைக் கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. நான் "ம்ம்... மரியாதைக்காக" என்று இழுத்து முடிப்பதற்குள் அவரும் குனிந்துவிட்டார். பின்னாலேயே நிதிப் பிரிவு. அதற்கும் பின்னால் வரிசையாக எல்லோரும். வழிகாட்டி அம்மா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

மதிய மீட்டிங்கை மேனேஜரே நடத்தினார். இரண்டு இமையிலும் செம்மண் தீற்றல். இந்த முறை ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.