இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிய டாக்சிசைக்ளின்

இன்று காலை ஒரு டம்ளர் தண்ணீரை இடையில் நிறுத்தாமல் குடித்து முடித்தேன். பதினோரு நாளாக அது என்னால் முடியவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒவ்வொரு மடக்கும் முள்ளை இழுத்துக்கொண்டு இறங்குவதுபோல இருந்தது. எச்சில் விழுங்கவே பயந்தேன். இத்தனையும் ஒரே ஒரு கேப்சூலைத் தப்பாக விழுங்கியதால் வந்தது. இதே மருந்தை இன்று யாராவது கையில் வைத்திருப்பீர்கள் என்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மார்பில் சளித்தொற்று, காய்ச்சல். சிறு வயதில் பென்சிலின் கொடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டதாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னதும் மருத்துவர் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள் என்று எழுதினார். 1967-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து இது. நுரையீரல் தொற்று, எலிக்காய்ச்சல், முகப்பரு, மலேரியா வராமல் தடுப்பது என்று பலவற்றுக்கும் கொடுக்கிறார்கள். மருந்துக்கடையில் கேப்சூல் அட்டையை எண்ணி வெட்டி, ஒரு உறையில் போட்டு, உறைமேல் ‘சாப்பிட்ட பின்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டப்பாவும் அதற்குள் மடித்து வைத்திருக்கும் விவரத்தாளும் கடையிலேயே தங்கிவிட்டன. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது.

முதல் இரண்டு நாள் லேசான குமட்டல் தவிர ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் இரவு படுத்த பிறகுதான் கேப்சூல் ஞாபகம் வந்தது. தலைமாட்டில் இருந்த பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் விழுங்கினேன், விளக்கை அணைத்தேன், படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு நெஞ்சின் நடுவில் கத்தியால் குத்தியதுபோல வலித்து எழுந்தேன். முதுகு வரை வலி. என் கணவர் கேட்ட முதல் கேள்வி, “இடது கை வலிக்குதா?” அதற்குப் பதில் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்பினோம். இந்த ஒரு முடிவை மட்டும் நாங்கள் சரியாக எடுத்தோம். நெஞ்சுவலி வந்தால் வாயுவா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. நாளைக்கே மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வேன்.

தப்பு நடந்தது பதிவு மேசையில். “என்ன மருந்து சாப்பிடறீங்க?” என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

“ஆன்டிபயாடிக்.”

“அது தெரியுது. பேர்?”

மருந்துச்சீட்டை எடுத்து வரவில்லை. கைப்பையில் இருந்த அட்டையில் பெயர் அச்சிட்ட பகுதி கடையில் வெட்டும்போதே போய்விட்டிருந்தது. வலியில் எனக்கு நினைவு வந்தது, பெயர் ஏதோ ‘லின்’ என்று முடியும் என்பதுதான். அதைச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ‘அமாக்சிசிலின்’ என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் பதிவில், அவள் பென்சிலின் குடும்பத்து மருந்து சாப்பிடுவதாக ஏறிவிட்டது.

ஈசிஜி, ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் கூடும் புரதம்), மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே இருந்தன. இதயம் இல்லை என்றதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் பதிவைப் பார்த்தார், அதில் அமாக்சிசிலின் என்றிருந்தது. “அமிலத்தொல்லையா இருக்கும், ஆன்டிபயாடிக்கை நடுவுல நிறுத்திடாதீங்க” என்று அமிலத்தை முறிக்கும் ஒரு ஆன்டாசிட் திரவம் எழுதி அனுப்பிவிட்டார். கையில் இருந்த தகவலை வைத்து அவர் சொன்னது நியாயம்தான். அந்தத் தகவல் தவறு என்பதுதான் பிரச்சினை.

சொன்னபடியே செய்தேன். நான்காம் நாள் காலையும் இரவும் கேப்சூல், அதன் மேலேயே ஆன்டாசிட். வலி குறையவில்லை. ஐந்தாம் நாள் காலை எச்சிலைத் துப்பத் தொடங்கினேன். திரும்பவும் மருத்துவமனைக்குப் போனோம். இந்த முறை மருந்துச்சீட்டு, அட்டை, உறை, வீட்டில் நான் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

காலைப் பணியில் இருந்த மருத்துவர் சீட்டில் டாக்சிசைக்ளின் என்று படித்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “வலி வந்த ராத்திரி இதை எவ்வளவு தண்ணில விழுங்கினீங்க? உடனே படுத்துட்டீங்களா?”

அதற்குமுன் யாரும் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உணவுக்குழாய் சும்மா சறுக்கி விடும் குழாய் இல்லையாம். நடுவில், இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வளைந்து போகும் இடத்தில் அது சற்று நெருக்கப்படுகிறது. தண்ணீர் போதாமல் விழுங்கினால் கேப்சூலின் ஜெலட்டின் உறை ஈரம் பட்டுப் பசைபோல ஆகி அங்கே ஒட்டிக்கொள்ளும். படுத்துவிட்டால் கீழே இழுக்கும் விசையும் இல்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும். ஒட்டிய இடத்திலேயே உறை கரைந்து மருந்து வெளியே வரும். என் கேப்சூலில் இருந்தது டாக்சிசைக்ளின் ஹைக்ளேட், அந்த மருந்தின் ஒரு உப்பு வடிவம். அது கரைந்தால் நல்ல அமிலத்தன்மை கொண்டது. ஒரே இடத்தில் அது தேங்கி நின்றால் சுவர் வெந்து புண்ணாகிவிடும். புண் இருக்கும் இடத்திலேயே அடுத்த இரண்டு கேப்சூல்களையும் நான் இறக்கியிருக்கிறேன். இப்படிப் புண் உண்டாக்கும் மருந்துகளில் இது முன்வரிசையில் நிற்கிறது என்றும், வலி நிவாரணிகளும் எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும்கூட இதைச் செய்யும் என்றும் அவர் சொன்னார்.

அப்புறம் பையைக் கொட்டச் சொன்னார். அதில் என் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. காலை கேப்சூலோடு சேர்த்தே அதை விழுங்கிக்கொண்டிருந்தேன், இரண்டும் ஒரே வேலையாக முடிந்துவிடும் என்று. இரும்பு, கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எதுவானாலும் டாக்சிசைக்ளினைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் போக விடாது. ஆன்டாசிட் திரவத்திலும் மக்னீசியமும் அலுமினியமும்தான் இருக்கின்றன. ஆக, நான்கு நாள் மருந்து சாப்பிட்டும் இருமல் ஏன் அப்படியே இருந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. மற்ற சத்து மாத்திரைகளுக்குச் சில மணி நேர இடைவெளி விட்டால் போதும். இரும்பு விஷயத்தில் அதுவும் முழுதாக உதவாது. ரத்தத்துக்குள் போன மருந்தில் ஒரு பகுதி மறுபடி குடலுக்கு வருகிறது, அங்கே இரும்பு காத்திருக்கிறது. அதனால் இந்த மருந்து முடியும்வரை இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை பெரிதாக ஒன்றுமில்லை. டாக்சிசைக்ளினை நிறுத்தி, வேறு குடும்பத்து ஆன்டிபயாடிக்கைத் திரவமாகக் கொடுத்தார். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும், புண்ணின் மேல் படலம்போலப் படியும் சுக்ரால்ஃபேட் திரவமும் எழுதினார். சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் அதையும் அதோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. பெரும்பாலும் சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில் ஆறிவிடும், ரத்தம் கக்கினாலோ வலி குறையாமல் இருந்தாலோதான் எண்டோஸ்கோப்பி என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை.

இனி யாருக்கு இந்த மருந்தை எழுதினாலும் நான் சொல்லப்போவது இதுதான்: நேராக உட்கார்ந்தோ நின்றோ, முதலில் ஒரு மடக்குத் தண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு, கேப்சூலைப் போட்டு, ஒரு முழு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடியுங்கள். அதன் பிறகு அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். இரவு வேளை என்றால் தூங்கும் நேரத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். இரவு உணவோடு முடித்துவிடுங்கள். வேளை மறந்துவிட்டதா, நினைவு வந்ததும் சாப்பிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். இரண்டாகச் சேர்த்துப் போடுவது மட்டும் கூடாது. இந்த மருந்தின் பாதி உடம்பை விட்டு வெளியேறவே 16 முதல் 22 மணி நேரம் ஆகும். அன்றைக்கு நான் தூக்கக் கலக்கத்தில் அவசரப்பட்டு விழுங்கியிருக்கவே வேண்டாம். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

வெயில் விஷயம் தனி. நான்காம் நாள் மதியம் காரில் ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். ஜன்னல் பக்கம் இருந்த கை மட்டும் மாலையில் சிவந்து, தொட முடியாமல் எரிந்தது. ஒவ்வாமை என்று நினைத்துப் பயந்தேன். டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்கு அதிகமாகக் கூச வைக்கும், அதுவும் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும் யூவிஏ என்ற புற ஊதாக் கதிருக்கு. முழுக்கை உடுப்பும் யூவிஏ-வைத் தடுக்கும் சன்ஸ்கிரீனும் இருந்திருந்தால் இந்தத் தோலுரிப்பு மிச்சமாகியிருக்கும்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்துக்கடைக்குப் போய் விவரத்தாளைக் கேட்டேன். முதல் நாள் ‘டப்பா தீர்ந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் போய் நின்று வாங்கி வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நிறையத் தண்ணீரோடு எடுங்கள், உடனே படுக்காதீர்கள் என்று தெளிவாகவே போட்டிருந்தது. படிக்கும்போது கோபம் வந்தது. இன்னும் சில விஷயங்களையும் அதில் குறித்து வைத்துக்கொண்டேன். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் பொதுவாக இதைத் தவிர்க்கிறார்கள். வளரும் பற்களில் நிரந்தரமாகக் கறை படியலாம். விடாத தலைவலியோடு பார்வை மங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடியிருக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்து எடுக்கக் கூடாது என்பதும் அதனால்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகுகூட நீராக, விடாமல் பேதியானால், எப்போதோ சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முகம், நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்கவே கூடாது.

மிஞ்சிய கேப்சூல்களை ‘அடுத்த தடவைக்கு ஆகும்’ என்று கணவர் எடுத்து வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. காலாவதியாகிச் சிதைந்த டெட்ராசைக்ளின் (டாக்சிசைக்ளினின் மூத்த உறவு) சிறுநீரகத்தைப் பழுதாக்கியது 1963-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அப்படியே கொண்டுபோய்க் கடையில் ஒப்படைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது, அமாக்சிசிலின் என்று ஏறிய பதிவைத் திருத்துவது. பதிவு மேசையில் அசல் மருந்துச்சீட்டு வேண்டும் என்றார்கள். அசலை இதற்குள் மருந்துக்கடை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. அங்கே போய் நகல் எடுத்து, முத்திரை வாங்கி, திரும்பி வருவதற்குள் மேசை மூடியிருந்தது. மறுநாள் போனேன். மேசையில் இருந்தவர் பொறுமையாகவே கேட்டுவிட்டு, “அப்போ டாக்சிசைக்ளின் அலர்ஜின்னு போட்டுடறேன்” என்றார்.

“வேண்டாங்க” என்றேன். ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் நாளைக்கு அவசரத்துக்கு இந்த மருந்து தேவைப்பட்டால்கூட யாரும் எனக்குக் கொடுக்க மாட்டார்கள். பென்சிலின் ஏற்கனவே அடைபட்ட கதவு. இதையும் நானே அடைத்துக்கொள்வதா? ஒட்டிக்கொண்டதால் வந்த புண் வேறு, ஒவ்வாமை வேறு என்று சொல்லிப் பார்த்தேன், மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்றார். மருத்துவர் வெளிநோயாளிகளைப் பார்த்து முடிக்கும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து எழுதி வாங்கினேன். இப்போது என் பதிவில் இப்படி இருக்கிறது: ‘டாக்சிசைக்ளின் கேப்சூல், தண்ணீர் போதாமல் விழுங்கியதால் உணவுக்குழாய்ப் புண். ஒவ்வாமை இல்லை.’

எழுதும்போதே மருத்துவர் பென்சிலின் வரியையும் காட்டினார். ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று சுமந்துகொண்டிருப்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்று தெரியவருமாம். சிறு வயதில் வரும் தடிப்பு பல நேரங்களில் அந்தக் காய்ச்சலினாலேயே வந்ததாக இருக்கும். அதை அன்றைக்கே யாராவது சோதித்திருந்தால் எனக்கு இந்தக் கேப்சூலை எழுத வேண்டியே வராமலும் போயிருக்கலாம். புண் ஆறியதும் தோல் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் இரண்டாம் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.