பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்? – வரைபட நாட்குறிப்பு

ஜூன் 9

கேள்வி ஒன்றுதான். சென்னை நகருக்குள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் குடிவைக்கப்பட்டவர்களுக்கு பஸ் ஸ்டாப் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா?

முதல் சறுக்கல் எல்லைக் கோப்பில். சென்னை மாநகராட்சியின் 200 வார்டு எல்லைக் கோப்பை வைத்து வரைபடத்தை வெட்டினால் பெரும்பாக்கம் காணாமல் போகிறது. ஊர் செங்கல்பட்டு மாவட்டம். மாநகராட்சியின் 426 சதுர கி.மீ.க்கு வெளியே. ஏழைகளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டு எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்த்தால் எந்த ஊரும் சமமாகத்தான் தெரியும். வார்டு கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குடியிருப்பைச் சுற்றி 5 கி.மீ. எடுத்துக்கொள்வதே மேல்.

ஜூன் 11

மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பு பழைய 155 வார்டுகளுக்கானது. 200 வார்டு வந்தது அதற்குப் பிறகு. வார்டு எண்ணை வைத்து இரண்டு அட்டவணையையும் இணைத்தால் க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) முனகாமல் இணைத்துவிடும். எண் அதே, இடம் வேறு. பிழைச்செய்தியே வராத இந்த மாதிரிப் பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் ஆள் குடியேறியதே 2011-க்குப் பிறகு. மக்கள்தொகையைக் கட்டடத்தின் தரைப்பரப்பை வைத்துப் பிரித்தாலும் சரிவராது: 8 தளக் கட்டடமும் பக்கத்து ஓட்டு வீடும் மேலிருந்து பார்த்தால் வெறும் கட்டங்கள். பிளாக் வாரியாகத் தளங்களையும், ஒரு தளத்து வீடுகளையும் எண்ணிப் பெருக்குவதே வழி. பூட்டிய வீடுகளைத் தனிப் பத்தியில் போட வேண்டும்.

ஜூன் 14

நடக்கிற தூரம் 400 மீட்டர் என்று வைத்து, ஸ்டாப்பைச் சுற்றி அந்த ஆரத்துக்கு ஒரு வட்டம், அதாவது பஃபர். 400 என்று அடித்ததும் திரை முழுக்க ஒரே நிறம். கோப்பு டபிள்யூஜிஎஸ் 84-இல் (அட்சரேகை, தீர்க்கரேகை முறை) இருந்தது, அலகு டிகிரி. ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கி.மீ. மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு முறைக்கு (மென்பொருளில் அதன் எண் இபிஎஸ்ஜி 32644) மாற்றி, புதுக் கோப்பாகச் சேமித்த பிறகே பஃபர். திரையின் ப்ரொஜெக்ஷனை (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையை) மட்டும் மாற்றினால் கோப்பு மாறாது.

ஜூன் 15

வட்டமே தப்பு. 400 மீட்டர் வட்டத்தின் பரப்பு 50 ஹெக்டேர். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊரில்கூட 400 மீட்டர் நடந்து எட்டக்கூடியது அதிகபட்சம் 32 ஹெக்டேர்தான். குறுக்கே மதிலோ ஓடையோ இருந்தால் இன்னும் சுருங்கும். அரசு அறிக்கைகளில் வட்டம் பிடித்தமானது. எல்லாரையும் உள்ளே போட்டுக்கொள்ளும்.

அதனால் தெரு வழியே தூரம் அளக்கும் நெட்வொர்க் அனாலிசிஸுக்கு வந்தேன். அதில் 'சர்வீஸ் ஏரியா' (ஸ்டாப்பிலிருந்து எட்டக்கூடிய தெருக்கள்) ஓட்டினால் பாதி பிளாக்குகள் எட்டவே இல்லை. காரணம், கையால் வரைந்த நடைபாதைகள். கோடு தெருவைக் கடந்து போனாலும் அந்த இடத்தில் இரண்டுக்கும் பொதுப் புள்ளி இல்லையென்றால் மென்பொருளுக்கு அது சந்திப்பே அல்ல. ஸ்னாப்பிங்கை (புதுப் புள்ளி பழைய கோட்டில் ஒட்டிக்கொள்ளும் வசதி) ஆன் செய்து, டோபாலஜிக்கல் எடிட்டிங்கையும் (பொதுப் புள்ளியைக் காக்கும் வசதி) போட்டுத் திரும்ப வரைய வேண்டும். கிடைப்பது கோடுகள், அதற்கு 20 மீட்டர் பஃபர் போதும். கான்வெக்ஸ் ஹல் (எல்லாக் கோடுகளையும் வெளியிலிருந்து சுற்றி வளைக்கும் எல்லை) போட்டால் ஓடையையும் தெருவாக்கிவிடும்.

ஜூன் 20

களம். க்யூஃபீல்டில் (க்யூஜிஐஎஸ்ஸின் போன் ஆப்) ஜிபிஎஸ் துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்துதான் புள்ளி வைக்க வேண்டும். உயர்ந்த பிளாக்குகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டு வருவதால் புள்ளி அடுத்த சந்தில் போய் உட்காரும். அங்கே ஜிபிஎஸ்ஸை நம்பாமல், செயற்கைக்கோள் படத்தின் மேல் கையால் குறிப்பதே நல்லது.

வீட்டு வாசலில் போனைப் பிடிக்கக் கூடாது. நகரில் இருந்தபோது யாரோ அளந்து கதவில் நம்பர் எழுதிப்போன பிறகுதான் வீடு இடிக்கப்பட்டது என்பது இங்கே பலருக்கு நினைவு. ஸ்டாப், கேட், படிக்கட்டு போதும். வீடு, ஆள் பெயர் வேண்டாம்.

ஜூன் 22

லிஃப்ட் நின்றால் ஏழாம் மாடிக்கு ஏறக்குறைய 21 மீட்டர் ஏற்றம். தரைத் தூரத்தில் அது சேராது. ஆகவே மீட்டரை விட்டுவிட்டு நிமிடத்துக்கு மாற வேண்டும்: சமதரையில் நிமிடத்துக்கு 80 மீட்டர், படிக்கட்டுக்குத் தனி நேரம். 80 என்பது கை வீசி நடக்கும் இளவட்டத்தின் வேகம். குடம் தூக்கியவருக்கும் கிழவிக்கும் 50 வைத்து இன்னொரு வரைபடம்.

ஒரு ஸ்டாப்புக்கு ஒரே புள்ளி இருக்கிறது. போகிற பக்கமும் வருகிற பக்கமும் வேறு வேறு இடம், நடுவே மீடியன். நாளை அவற்றைப் பிரிக்க வேண்டும்.