குழாயின் நீளம்

வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் விஷயத்தில், பெட்ரோல் எஞ்சின்காரர்களைப் பார்த்தால் டீசல் பக்கம் வேலை செய்யும் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தை ஒட்டி நின்றால் போதும். புகைக்குழாயில் மாட்டும் கன்வெர்ட்டர் என்ற ஒரே டப்பாவுக்குள், வினையூக்கியாக இருக்கும் ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடை உடைத்துவிடும், பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் முடித்துவிடும். டீசல் புகையிலோ ஆக்ஸிஜன் எப்போதும் மிச்சம் இருக்கும். அங்கே ரோடியத்தின் பாச்சா பலிக்காது. யூரியா கரைசலைப் பீச்ச வேண்டும், அது அம்மோனியாவாக மாற வேண்டும், பிறகு தாமிரம் ஏற்றிய ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே போக வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 என்ற புகை விதி வந்தபோது டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. ஒரகடம் பக்கம் சோதனைக் கூடத்தில் இருந்த எங்களுக்கு அப்போது பிடித்த தலைவலி, புகையில் சூடு போதாததுதான்.

நெரிசலில் ஓட்டிவிட்டு வந்த வண்டி ஒன்றின் குழாயைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன், “சார், சுண்ணாம்பு கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு” என்றார். கரைசலைப் புகையோடு கலக்கும் தகட்டில் வெள்ளையாக ஒரு பொருக்கு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. சுமார் 200 டிகிரிக்குக் கீழே யூரியா முழுதாக அம்மோனியா ஆவதில்லை. பாதியில் நின்று பையூரெட், சயனூரிக் அமிலம் என்று கெட்டிப்பட்டு உட்கார்ந்துவிடும். கத்திப்பாராவிலிருந்து நந்தம்பாக்கம் வரை முதல் கியரில் ஊர்ந்தால் அந்தச் சூடு எங்கே நிற்கப்போகிறது?

சரி, பீச்சுவதைக் குறைக்கலாம் என்றால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். கூட்டினால் மிஞ்சிய அம்மோனியா வெளியே வந்து மூக்கைத் துளைக்கும். டீசல் தெளிப்பதைச் சற்றுத் தாமதித்துப் புகையைச் சூடாக்கலாம். மைலேஜ் அடிவாங்கும், அப்புறம் விற்பனைப் பிரிவுக்கு யார் பதில் சொல்வது? எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து சமாளித்தோம்.

வினையூக்கி என்றாலே எந்த உலோகம், என்ன விலை என்றுதான் பேச்சு போகிறது. என் கணக்கில் அதைவிடப் பெரிய விஷயம் எஞ்சினுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் குழாயின் நீளம். ஒவ்வொரு சாணுக்கும் சூடு போய்க்கொண்டே இருக்கும். காரின் அடிவயிற்றில் தொங்கவிட்டதை எஞ்சினை ஒட்டிக் கொண்டுவந்தால் எங்கள் கஷ்டத்தில் பாதி தீர்ந்துவிடும்.

2023 ஏப்ரலிலிருந்து வண்டியின் பின்னால் கருவியை மாட்டிச் சாலையிலேயே ஓட்டியும் புகையை அளக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பானட்டுக்குள் இடம் கேட்டால் டிசைன் பிரிவில் காது கொடுத்துக் கேட்கிறார்கள். முன்பெல்லாம், “ஏசி கம்ப்ரசரை எங்க சார் வைக்கிறது?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.