பெயர் கேட்ட கோர்ட்டு

"மிஸ்டர் ஆல்! மிஸ்டர் ஆல் இருக்கிறாரா?"

அந்த அம்மாள் மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று உறைத்தது. நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜூரியாக வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கூடம் நிறைய ஆட்கள், மூலையில் நான். மலேசியாவிலிருந்து வெளிநாடு போன நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' (A/L) என்று ஒன்று இருக்கும்: மலாயில் அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன். கடல் தாண்டும்போது அந்தச் சாய்கோடு தண்ணீரில் விழுந்துவிடுகிறது. 'ஆல்' மட்டும் கரையேறி அமெரிக்கனாகிவிடுகிறான்.

அன்று என்னை எந்த வழக்குக்கும் எடுக்கவில்லை. மதிய இடைவேளையில் வெளியே வந்து, ஃபோலி சதுக்கத்துப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே வரிசையாகத் தூண்கள், மேலே கோபுரம், உச்சியில் பொன்முலாம் பூசிய கூம்பு. எங்களைக் கூப்பிட்டிருந்தது அதற்குப் பின்னால் இருக்கும் புதிய கட்டடத்துக்கு. அதற்கு மொய்னிஹான் என்ற செனட்டரின் பெயர். இந்தப் பழைய கட்டடத்துக்குத் தர்குட் மார்ஷல் என்ற நீதிபதியின் பெயர்.

மார்ஷல் அடிமைகளின் வம்சத்தில் வந்தவர். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கில் பிள்ளைகளுக்காக வாதாடியவர். 1961 முதல் 1965 வரை இதே கட்டடத்தில் மேல்முறையீட்டு நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். இங்கே அரசாங்கக் கோர்ட்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் வழக்கமாக நாடாளுமன்றமே சட்டம் போடும். மார்ஷலுக்காக அப்படியொரு சட்டம் 2001இல் வந்தது. இந்தக் கட்டடத்தை வரைந்த காஸ் கில்பர்ட்தான் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்தையும் வரைந்தவர். ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு வீட்டில் குடியிருந்ததுபோல, மார்ஷல் இரண்டிலும் நீதிபதியாக இருந்திருக்கிறார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் 'தரோகுட்'. இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, இத்தனை எழுத்தையும் யார் எழுதுவது என்று சலித்துக்கொண்டு, பையனே அதைச் சுருக்கிக்கொண்டான். ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டச் சோம்பல்பட்டு வெட்டிய பெயர்தான் இன்று அந்தக் கல்லில் இருக்கிறது.

எழுத்துக் கூட்டுவது என்றதும் எனக்குத் தெலுக் ஆன்சன் கோர்ட்டு நினைவுக்கு வந்துவிட்டது. சோறு அப்படியே ஆறிப்போனது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் ஊர் தெலுக் இந்தானுக்கு 1982 வரை தெலுக் ஆன்சன் என்றுதான் பெயர். ஆன்சன் என்பவர் பினாங்கில் பெரிய பதவியில் இருந்த வெள்ளைக்காரர். அதற்கு முன்னால் மாக் இந்தான் என்ற வியாபாரப் பெண்மணியின் பெயரால் ஊர் வழங்கியதாகச் சொல்வார்கள். ஆக, பெயர் வந்தது, போனது, திரும்பியும் வந்தது. சாய்ந்த கோபுரம் மட்டும் 1885இலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றுதான். வெளித்தோற்றத்தை நம்பாதே என்று நமக்கு ஊரே பாடம் எடுத்திருக்கிறது.

நம் தோட்டத்து ஆட்கள் எந்தப் பெயர்ப் பலகையையும் மதித்ததில்லை. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும். வாயில் வேறு பெயர் இருக்கும். ஆற்றோரத் தோட்டம், புளியமரத்துத் தோட்டம், செத்துப்போன கங்காணியின் தோட்டம். டிவிஷனுக்கு ஒரு பெயர், லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு பெயர், கள்ளுக்கடைக்குப் போகிற சடக்குக்கு, அதாவது ரோட்டுக்கு, ஒரு பெயர். தோட்டம் கைமாறும், பலகை மாறும்; வாய் மாறாது.

கோர்ட்டுக்கு மட்டும் ரொம்ப நாள் பெயர் இல்லை. கோர்ட்டு என்றால் கோர்ட்டு. சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சியவனும் வாழைத்தார் திருடியவனும் போகிற இடம். அதற்குப் பெயர் வந்தது 1970இல். வந்ததற்குக் காரணம் என் அப்பா.

1968இல் ஒரு சட்டம் போட்டார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். குடியுரிமை பெற்று நீல அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வயிற்றில் புளி. பிறந்த தேதிக்குச் சாட்சி இல்லாததால், கடிதம் எழுதத் தெரியாததால், யாரும் சொல்லாததால் குடியுரிமைக்கு மனுப் போடாமல் விட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் அந்த வருடங்களில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கள் லயத்திலேயே இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டில் ஆட்டுக்கல்லை எடுத்துப் போக முடியாமல் எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா கடைசி வரைக்கும் அதில் மாவாட்டும்போது அந்த வீட்டு அக்காவின் பெயரைச் சொல்லாமல் இருந்ததில்லை.

அப்பாவுக்குச் சிவப்பு அட்டை. பெர்மிட் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு வினை. அப்பாவின் பெயர் 'ஐயா' என்று முடியும். பெர்மிட்டுக்கு விவரம் எழுதிக் கொடுத்த தோட்டத்து எழுத்தரான கிராணி, அவசரமோ அலட்சியமோ, அதை 'அன்' என்று முடித்துவிட்டார். (அப்பாவின் முழுப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தால், இந்தப் பள்ளி மலரில் பெயர் போட்டதற்கு ஒரு வாரம் பேசமாட்டார்.) சோதனைக்கு வந்தவர்கள் அட்டையையும் பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேறு ஆளின் பெர்மிட்டில் வேலை செய்கிறாய் என்றார்கள். சம்மன் வந்தது.

ஆறாம் வகுப்பில் இருந்த என்னை அப்பா கூட்டிப் போனது வீரத்துக்காக அல்ல. ஆங்கிலத்தில் எதையாவது நீட்டினால் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாத்தியாரிடம் லீவு கேட்கப் போனேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "போய் வா. வந்து 'நான் கண்ட நீதிமன்றம்' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வா" என்றார். எதற்கெடுத்தாலும் கட்டுரை எழுதச் சொல்லும் வாத்தியாரை உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

அப்பா கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். அம்மா எங்கள் இருவர் நெற்றியிலும் விபூதியை அப்பி விட்டிருந்தாள். பஸ்ஸில் அப்பா பேசவே இல்லை. அட்டையும் பெர்மிட்டும் இருந்த பிளாஸ்டிக் பையைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உள்ளே மின்விசிறி, மரப்பெஞ்சு, காகித வாடை. மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், வயது குறைவு. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி, இஸ்திரி கலையாத கால்சட்டை. தோட்டத்துத் தமிழனுக்கும் நீதிக்கும் நடுவே அந்தக் காலத்தில் இருந்த ஒரே பாலம் இப்படி ஒருவர்தான். அவர் சொல்வதுதான் நாம் சொன்னது. அவருடைய தமிழ் எங்களுக்குப் பாதிதான் புரியும். "விளங்குகிறதோ?" என்று அவர் கேட்க, எதற்கோ விளக்கேற்றச் சொல்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு.

அப்பாவைக் கூண்டில் ஏற்றினார்கள். பெயர் கேட்டார்கள். சொன்னார். இந்தப் பெர்மிட்டில் வேறு பெயர் இருக்கிறதே என்றார்கள். அதுவும் நான்தான் என்றார். அப்படியானால் உனக்கு இரண்டு பெயரா? அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். கடைசி எழுத்து எப்படி முடிகிறது என்று அவர் கண்டாரா?

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டில் உன் தாயார் உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்கச் சொன்னார்.

"ராசா" என்றார் அப்பா.

மொழிபெயர்ப்பாளர் "ராஜா" என்று மொழிபெயர்த்தார். பேராக்கில், அரச குடும்பத்தாருக்கு மட்டும் உரிய பட்டத்தைக் கைநாட்டுக்காரர் ஒருவர் கூண்டில் நின்று சொன்னால் என்ன ஆகும்? பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். இப்போது மூன்று பெயர் ஆகிவிட்டது என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார்.

நான் எழுந்தேன். எனக்கு அந்த எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். பள்ளிப் படிவம் ஒவ்வொன்றிலும் தகப்பனார் பெயரை எழுதியவன் நானே. ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் அடையாள அட்டையில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசி எழுத்தில் இருவரும் சேர்ந்து நின்றோம். பிறகு அவர் பெர்மிட்டைப் புரட்டி, அட்டை எண்ணை மட்டும் வாய்விட்டு வாசித்தார். இரண்டிலும் ஒரே எண். பெயரைப் பார்த்தவர்கள் எண்ணைப் பார்க்கவில்லையா என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது புரிந்துவிட்டது.

வழக்குத் தள்ளுபடி. பெர்மிட்டைத் திருத்தித் தரச் சொல்லித் தோட்டத்துக்குக் கடிதம். அப்பா கூண்டிலிருந்து இறங்கி, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல், மொழிபெயர்ப்பாளரைக் கும்பிட்டார். அவர் சங்கடப்பட்டு மேலே கை காட்டினார்.

வெளியே வந்து ஆளுக்கொரு தேத்தண்ணீரும் வடையும். அப்பா தன் வடையில் பாதியை என் தட்டில் வைத்தார். அன்று மாலையே லயத்தில் கதை பரவிவிட்டது. அவர் 'பெயர் கேட்ட ஐயா' ஆனார். கோர்ட்டு 'பெயர் கேட்ட கோர்ட்டு' ஆனது. அதற்குப் பிறகு சம்சு காய்ச்சியவன்கூட, "நாளைக்குப் பெயர் கேட்ட கோர்ட்டுக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வான்.

சென்ற வருடம் நம் பழைய மாணவர் சங்க விருந்தில், ஊர்க் கோர்ட்டுக்கு ஒரு நீதிபதியின் பெயரை வைக்கச் சொல்லி நாம் மனுக் கொடுத்தால் என்ன என்று ஒரு நண்பர் ஆரம்பித்தார். பிரியாணி முடியும் வரை சண்டை. நம் பக்கம் நீதிமன்றத்துப் பலகையில் நீதிமன்றத்தைக் குறிக்கும் 'மஹ்கமா' என்ற மலாய்ச் சொல்லும் ஊர்ப் பெயரும் இருக்கும், அவ்வளவுதான். அதுவே போதும் என்றார் ஒருவர். கோலகங்சார் பக்கத்தில் பிறந்த துன் சுஃபியான், 1974 முதல் 1982 வரை லார்ட் பிரசிடெண்ட், அதாவது நாட்டின் தலைமை நீதிபதி. அடுத்து அதே நாற்காலியில் பத்து காஜாவில் பிறந்த ராஜா அஸ்லான் ஷா. இந்த இரண்டு பேராக்காரர்களில் ஒருவர் பெயரை வைக்கலாம் என்றார் இன்னொருவர். அஸ்லான் ஷா 1984இல் சுல்தானானவர். ஈப்போ விமான நிலையத்துக்கும் ஹாக்கிக் கிண்ணத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. எனக்கு விமான நிலையத்தைவிட அவருடைய 1979ஆம் வருடத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் பெரிது: எந்தச் சட்ட அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, இல்லையென்றால் அது சர்வாதிகாரம்.

நம்மவர் யாரும் இல்லையா என்று மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல். நீதிபதி கோபால் ஸ்ரீராம் என்றார்கள். நம்மவர் என்பதற்காக என்றால் நான் கை தூக்கமாட்டேன் என்றேன். 1996இல், ஒரு பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் வழக்கில், அரசியலமைப்பில் 'உயிர்' என்று இருப்பது மூச்சை மட்டும் குறிக்காது, பிழைப்பையும் சேர்த்துத்தான் என்று எழுதினாரே, அதற்காக என்றால் இரண்டு கையையும் தூக்குவேன். ஒரு பெர்மிட்டுக்காகக் கூண்டில் வியர்த்து நின்ற மனிதரின் மகனுக்கு அந்த வரி எப்படி இருக்கும்!

ஆனால் இவர்கள் யாரையும் அன்று நான் முன்மொழியவில்லை. மார்ஷலின் கட்டடத்தில் எனக்குப் பிடித்ததே, அவர் அங்கே உட்கார்ந்து வழக்குக் கேட்டவர் என்பதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊருக்கு ஒருவர்தான் உண்டு. மேசையில் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் சங்கச் செயலாளர் பேனாவை எடுத்து, "சரி, எழுதிக்கொள்கிறேன். மாஜிஸ்திரேட் பெயர் என்ன?" என்றார்.

அந்தக் கட்டுரை நோட்டு இப்போது என்னிடம் இல்லை, கறையான் தின்றுவிட்டது. ஆனால் பக்கத்தின் அடியில் வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தது மறக்கவில்லை: 'எழுத்து நன்று. அவர் உன் தகப்பனார் பெயரைக் கேட்டார். அவர் பெயரை நீ கேட்டாயா?'

பத்துக்கு ஏழுதான் போட்டிருந்தார்.