விசாரணைக்குப் போகலாம், மீட்டிங்குக்குப் போக முடியாது

அப்பாவின் வழக்கு ஒன்றில் தீர்ப்பு நகல் வாங்க மனுப் போடக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கவுண்டர் கண்ணாடியில் ஒரு தாள். ‘நிர்வாகக் குழுவின் முடிவின்படி நகல் மனுக்கள் பகல் 1.30 மணி வரை மட்டுமே பெறப்படும்.’ கீழே ஒரு முத்திரை, படிக்க முடியாத ஒரு கையெழுத்து. மணி 1.40. உள்ளே இருந்தவர் நல்ல மனிதர்தான், “போன மாசம் வரைக்கும் நாலு மணி சார், மேல முடிவு பண்ணிட்டாங்க” என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டதற்கு, கையை மாடிப் பக்கம் காட்டினார்.

நாலு மணி எப்படி ஒன்றரை ஆனது? ஆள் பற்றாக்குறையா, ஸ்கேனிங் வேலையா, அல்லது யாராவது ஒருவர் சொல்லி மற்றவர்கள் தலையாட்டினார்களா? அந்த முடிவை எடுத்த கூட்டத்தின் மினிட்ஸைக் (கூட்டத்தில் பேசி முடிவு செய்ததன் பதிவு) கேட்டு ஆர்டிஐ மனுப் போட்டேன், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி. (மனுவுக்கு 50 ரூபாய்க்கும் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கும் மேல் பொதுவாக வாங்கக் கூடாது, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் கேட்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால் அந்த வகையில் சிரமமில்லை.) பதில் ஒரே வரியில் வந்தது: உள்நிர்வாகம் தொடர்பானது, வழங்க இயலாது.

எனக்குப் புரியாதது இதுதான். வழக்கு விசாரணை என்றால் யார் வேண்டுமானாலும் போய்ப் பின்பெஞ்சில் உட்காரலாம், வழக்கோடு ஒரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகளைப் படுத்துக்கொண்டே போனில் நேரலையாகப் பார்க்க முடிகிறது. ஆனால் அதே நீதிபதிகள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், நிர்வாகிகளாக உட்கார்ந்து, எத்தனை நாள் விடுமுறை, எந்த மென்பொருள், எங்கே கட்டடம், எந்த மாவட்ட நீதிபதிக்கு எங்கே மாறுதல் என்று பேசத் தொடங்கினால் கதவு சாத்தப்படுகிறது. தீர்ப்பு சொல்லும்போது திறந்திருக்கும் கதவு, கவுண்டர் நேரம் முடிவு செய்யும்போது ஏன் மூட வேண்டும்?

சரி, கவுண்டர் சின்ன விஷயம். கொலீஜியத்துக்கு, அதாவது யாரை நீதிபதியாக்கலாம் என்று பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவுக்கு வருவோம். 2018 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றக் கொலீஜியம் கூடிச் சில முடிவுகள் எடுத்தது. அது நமக்கு எப்படித் தெரியும் என்றால், 2019 ஜனவரி 10 தேதியிட்ட அடுத்த தீர்மானத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது: முடிவுகள் எடுக்கப்பட்டன, ஆனால் கலந்தாலோசனை முடியவில்லை, குளிர்கால விடுமுறை வந்துவிட்டது, கொலீஜியத்தில் ஆளும் மாறிவிட்டது, அதனால் புதிதாகப் பரிசீலித்தோம் என்று. இடையில், டிசம்பர் கடைசியில், கொலீஜியத்தில் இருந்த நீதிபதி மதன் லோகூர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த முதல் தீர்மானம் இணையதளத்தில் ஏறாதது ஏமாற்றமளித்ததாக அவரே பிறகு பொதுவெளியில் சொன்னார். இத்தனைக்கும், தீர்மானங்களைக் காரணத்தோடு வெளியிடுவோம் என்று 2017 அக்டோபரில் கொலீஜியமே முடிவு செய்திருந்தது.

அந்த டிசம்பர் கூட்டத்தின் விவரங்களைக் கேட்டு ஆர்டிஐ ஆர்வலர் அஞ்சலி பரத்வாஜ் போட்ட வழக்கை 2022 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பேசியதெல்லாம் முடிவாகாது, எல்லோரும் கையெழுத்துப் போட்ட இறுதித் தீர்மானம்தான் முடிவு, அதை வெளியிட்டால் போதும் என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்தாகாமலே நின்றுபோன ஒரு முடிவைப் பற்றித்தான் கேள்வியே, அதற்கு இறுதித் தீர்மானத்தைக் காட்டி என்ன பயன்?

இதில் எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று உண்டு. தலைமை நீதிபதி அலுவலகம் ஆர்டிஐக்குள் வருமா என்ற வழக்கில், உச்ச நீதிமன்றமே உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, 2019 நவம்பர் 13 அன்று தோற்றும் போனது! வரும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தனியுரிமையையும் நீதித்துறைச் சுதந்திரத்தையும் எடைபோட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

எதிர்வாதம் ஒன்றும் பொய்யில்லை. ஒருவரை நீதிபதியாக்கலாமா வேண்டாமா என்று பேசும்போது அவருடைய உடல்நிலை, நடத்தை, மொட்டைக் கடுதாசி என்று எல்லாம் வரும். அது தெருவுக்கு வந்தால் நிராகரிக்கப்பட்டவர் மறுநாள் எந்த முகத்தோடு கோர்ட்டுக்கு வருவார்? ஒழுங்கு நடவடிக்கையும் அப்படித்தான். அந்தப் பகுதிக்குக் கதவைச் சாத்துங்கள், நான் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்பது மற்றதை. அஜெண்டாவில் ஒரே ஒரு வரி ரகசியம் என்பதற்காக மொத்தக் கூட்டத்தையும் பூட்டுவது, ஒரு அறைக்குப் பூட்டுப் போடச் சொன்னால் வீட்டையே சீல் வைப்பது போல.

பிரிக்கவே முடியாது என்பார்கள். கலிஃபோர்னியாவில் பிரித்திருக்கிறார்கள். அங்கே நீதிமன்றங்களை நிர்வகிப்பது 1926இல் உருவான ஜுடிஷியல் கவுன்சில். அரசு அமைப்புகளின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம் நீதித்துறையைக் கட்டுப்படுத்தாது. எல்லா நீதிமன்றங்களுக்கும் ஒரே கணினி அமைப்பு என்று தொடங்கி, சுமார் 50 கோடி டாலர் செலவழித்துவிட்டு, 2012 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். கமிட்டிகள் மூடிய அறையில் என்னதான் பேசுகின்றன என்ற கேள்வி கூர்மையாக எழுந்த காலம் அது. 2014 ஜூலை முதல் கவுன்சிலின் ஆலோசனைக் கமிட்டிக் கூட்டங்களும் திறந்தவை என்று விதி வந்தது. அஜெண்டா முன்கூட்டியே வெளிவரும். தனிநபர் நியமனம், வழக்கு, பாதுகாப்பு, ஒப்பந்தப் பேரம் போன்றவற்றுக்கு மட்டும் மூடிக்கொள்ளலாம். இந்த விதியைக் கவுன்சில் தனக்குத் தானே போட்டுக்கொண்டது, சட்டமன்றம் போட்டதல்ல. நம் ஊர் ஃபுல் கோர்ட்டும் (ஒரு நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் கூடும் கூட்டம்) நாளைக்கே ஒரு தீர்மானம் போட்டால் போதும், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆளைக்கூட உள்ளே விட வேண்டாம். ஒரு வாரம் முன்னால் அஜெண்டா, ஒரு மாதத்துக்குள் மினிட்ஸ், அதில் கவுண்டர் நேரத்தை ஏன் குறைத்தோம் என்று இரண்டு வரி.

அந்த ஒரு வரி ஆர்டிஐ பதிலை எதிர்த்து முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அந்த ரசீதோடு போன வாரம் அங்கே போனபோது, கண்ணாடியில் பழைய தாளுக்கு மேலேயே புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். இப்போது 2.30 மணி வரையாம். நிர்வாகக் குழுவின் முடிவின்படி.